என் வயிற்றுக்கு ஒரு மன்றாட்டு

என் மாமியார் அமலராணி வாயைத் திறந்தால் மைக் தேவையில்லை. ஆரம்பப் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிர அந்தக் குரலை விடவில்லை. அந்தக் குரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெருவே கூடியிருந்த இடத்தில், கண்ணை மூடிக் கையைக் கூப்பி ஆண்டவரிடம் அவர் கேட்டது இது:

"ஏழு மாதக் கர்ப்பிணியான என் மருமகள் மரியசெல்விக்கு ஒரு வாரமாக மலம் கழியவில்லை. அவளுடைய குடல் இளகி, மலச்சிக்கல் நீங்கி, அவள் பூரண சுகம் பெற வேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், பழக்கதோஷம், ஒரே குரலில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று பாதிப் பேருக்கு உறைத்தது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்பியம் என்பது எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற கூட்டம். முதலில் ஜெபமாலை, அப்புறம் பைபிள் வாசகம், அப்புறம் ஆளுக்கொரு மன்றாட்டு, கடைசியில் சுண்டலும் டீயும். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், மூட்டுவலி, மழை என்று கேட்பார்கள். இதுவரை யார் வீட்டுக் கக்கூஸும் அதில் வந்ததில்லை. போதாக்குறைக்கு எங்கள் அன்பியத்தின் பாதுகாவலர் புனித அந்தோணியார், காணாமல்போன சாமானைத் தேடிக் கொடுக்கிறவர். அவர் இதற்கு எங்கே போய்த் தேடுவார், பாவம்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஆடித் தீர்த்துவிட்டேன்.

"ஏன் அத்தை, உங்களுக்கு வேற மன்றாட்டே கிடைக்கலையா? கோயில் மணிக்கூண்டுல ஏறி நின்னு சொல்லிருக்கலாமே!"

"இதுல என்னடி வெக்கம்? அவர் படைச்ச குடல், அவர்கிட்டத்தான சொல்லணும்?"

"அவர்கிட்டச் சொல்லுங்க. சகாயராஜ் மாமாகிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

சகாயராஜ்தான் அன்பியத் தலைவர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலையில் பால் வாங்கப் போன என்னை நடுத்தெருவில் நிறுத்தி, அக்கறையோடு, சத்தமாகக் கேட்டார்:

"என்னம்மா செல்வி, லைன் கிளியர் ஆயிருச்சா?"

பால்காரன் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தான். எனக்கு அந்தப் பால் பாக்கெட்டை இரண்டு பேர் மேலேயும் விட்டெறியத் தோன்றியது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம்தான். ஒரு வீட்டிலிருந்து கொய்யாப்பழம். இன்னொரு வீட்டிலிருந்து சிறுமலை வாழைப்பழம், சீப்பு சீப்பாக. உலர்ந்த திராட்சையை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் குடி என்றார் ஒருவர். சோற்றுக்குக் கீரை இல்லாத வெஞ்சனமே கூடாது என்றார் இன்னொருவர். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணிக்கீரை, தண்டங்கீரை. என் வீட்டுக்காரர் ரொனால்டு தட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மலச்சிக்கல் அவளுக்கா எனக்கா?" என்று கேட்டு ஹெட்மிஸ்ட்ரஸிடம் திட்டு வாங்கினார்.

ரொனால்டு மினி லாரி ஓட்டுகிறவர். அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போவார். சந்தையிலிருந்து போன் போட்டு, ஆடு கத்துகிற சத்தத்துக்கு நடுவில், "போயிருச்சா?" என்பார். பக்கத்தில் நிற்கிற ஆட்டு வியாபாரிக்கெல்லாம் கேட்கும்.

"போகல. வைங்க போனை."

"இந்த ஆட்டப் பாரு செல்வி, நடந்துக்கிட்டே போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கு. ஒரு கவலை கிடையாது."

"அப்ப அதையே கட்டியிருக்க வேண்டியதுதான!"

தொல்லை தாங்காமல் வியாழக்கிழமை ஒரு பொய் சொன்னேன். கக்கூஸிலிருந்து வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போயிருச்சு அத்தை" என்றேன். அத்தை கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொய். தண்ணி ஊத்துன சத்தமே கேக்கல."

எத்தனை பிள்ளைகளின் வீட்டுப்பாடப் பொய்யைக் கண்டுபிடித்த காது அது.

உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன், அங்கே யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வராமல் இல்லை. இத்தனை பழமும் கீரையும் உள்ளே போனால் யாருக்குத்தான் வராது? வந்தது. நான்தான் விடவில்லை. வயிறு முறுக்கும், ஓடிப்போய் உட்காருவேன், முக்க வேண்டிய நேரம் வரும்போது உடம்பெல்லாம் வியர்த்துவிடும். பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன். அடக்க அடக்க அது இறுகியது. இறுக இறுக இன்னும் முக்க வேண்டியிருந்தது, இன்னும் பயம் வந்தது. மேலேயிருந்து தெருவே தள்ளுகிறது, கீழே நான் பூட்டிக்கொண்டு நிற்கிறேன். திண்டுக்கல்காரிக்குப் பூட்டச் சொல்லியா தர வேண்டும்?

காரணம் போன வருடம். போன வருடம் இதே வீட்டில், இதே கக்கூஸில், நாலாம் மாதத்தில் எனக்கு ஒரு பிள்ளை போனது. அன்றைக்கும் இதே மலச்சிக்கல்தான். ரொம்ப நேரம் உட்கார்ந்து முக்கினேன். திடீரென்று இடுப்பு வலித்தது, ரத்தம் வந்தது. அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து, அரை மயக்கத்தில் கட்டிலில் கிடந்தேன். பார்க்க வந்தவர்கள் வராந்தாவில் நின்று "எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு" என்று கேட்டார்கள். அத்தையின் குரல் கேட்டது. அந்தக் குரல் எந்தச் சுவருக்கும் நிற்காது என்றுதான் சொன்னேனே.

"கக்கூஸ்ல போய் ரொம்ப நேரம் உக்காந்து முக்கிருக்கா. அதான் விழுந்துருச்சு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தார், தலை வாரிவிட்டார், ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. என் பிள்ளையை நானே தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நினைத்தேன். இந்தப் பிள்ளை உண்டானதிலிருந்து கக்கூஸ் கதவைத் தொடவே பயம். இதை ரொனால்டிடம் எப்படிச் சொல்வது? சிரித்தாலும் கொன்றுவிடுவேன், அழுதாலும் தாங்கமாட்டேன். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்பியம் எங்கள் வீட்டில். முறை அப்படி வந்து தொலைத்தது. ஹாலில் பாய் விரித்து, மாதாவுக்குப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அத்தையின் ஏற்பாடெல்லாம் பிரமாதம். என்னால் உட்கார முடியவில்லை. வயிறு கல்லாக இருந்தது, இடுப்பு வெட்டி வெட்டி வலித்தது. நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தேன்.

வாசகம் முடிந்தது. மன்றாட்டுக்கு முன்னால் சகாயராஜ் மாமா பைபிளில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். போன வாரம் கேட்டதெல்லாம் கிடைத்ததா என்று கணக்கெடுப்பது அவர் வழக்கம்.

"கிளெமென்ட் மகனுக்கு இன்டர்வியூ வந்துருச்சு, ஸ்தோத்திரம். மூட்டுவலி கொஞ்சம் பரவால்ல, ஸ்தோத்திரம். செல்வி விசயம்?"

"இல்லை" என்றார் அத்தை. ஃபெயில் என்று ரிசல்ட் வாசிக்கிற தோரணை.

ஹால் முழுக்க 'உச்' கொட்டியது. அப்போதுதான் ராமுத்தாய் அக்கா எழுந்தார். எதிர்வீட்டுக்காரர், அவர்கள் கும்பிடுவது குலசாமியை. ஆனாலும் சுண்டலுக்காக எந்த அன்பியத்தையும் விடமாட்டார். நல்ல மனுஷி. முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"செக்குல ஆட்டுன வெளக்கெண்ணெய். எங்க மாடு சாணி போடாம நின்னப்ப இதத்தான் ஊத்துனேன். செத்த நேரத்துல தொழுவமே நெறஞ்சு போச்சு. ஒரு டம்ளர் குடிச்சிரு தாயி, எல்லாம் சரியாப் போயிரும்."

அத்தை உடனே டம்ளர் எடுத்து வந்துவிட்டார். கட்டியாக, மஞ்சளாக, ஊற்றினார். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டம்ளரை வாயருகே கொண்டுவந்தார். சுற்றி எல்லாரும் குடி குடி என்கிறார்கள். உள்ளே வயிறு முறுக்குகிறது. பிள்ளை வேறு எட்டி உதைக்கிறது.

டம்ளரைத் தட்டிவிட்டேன். எண்ணெய் பாயெல்லாம் கொட்டியது.

"குடிக்க மாட்டேன்! எனக்கு வராம இல்ல, நான்தான் போகல! போதுமா?"

"என்னடி சொல்ற?"

"முக்குனா புள்ள விழுந்துரும்னு நீங்கதான சொன்னீங்க? போன வருசம், ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு, ஊருக்கே கேக்குற மாதிரி! நான் முக்குனதுலதான் விழுந்துச்சுன்னு. எனக்குக் கேட்டுச்சு. மயக்கத்துல இருந்தாலும் கேட்டுச்சு. இப்ப குடல் இளகணும்னு ஜெபம் வேற பண்றீங்க. எனக்குப் பயமா இருக்கு அத்தை. இதையும் நானே கொன்னுருவேனோன்னு பயமா இருக்கு!"

கத்திவிட்டு ஓவென்று அழுதேன். ராமுத்தாய் அக்கா குனிந்து முந்தானையால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். சகாயராஜ் மாமா பைபிளை மெதுவாக மூடினார்.

"இன்னைக்கு மன்றாட்டு வேணாம்" என்றார். "எல்லாரும் கெளம்புங்க."

அன்றைக்கு ஒருவரும் சுண்டல் சாப்பிடவில்லை.

"நான் அப்புடியா சொன்னேன்?" என்று ஒரே ஒரு தடவை, என்னிடம் இல்லை, சுவரிடம் கேட்டார் அத்தை. ரொனால்டு வந்து விஷயம் தெரிந்ததும் என் காலடியில் உட்கார்ந்து காலை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஆட்டு ஜோக் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அத்தை கஞ்சி போட்ட சேலை கட்டி, கைப்பையை எடுத்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்ஷன் வருகிற நாளில்தான் அந்தச் சேலையைக் கட்டுவார் என்று ரொனால்டு சொல்வார்.

"கெளம்பு. டாக்டர்கிட்டப் போறோம்."

டாக்டர் புவனேஸ்வரிதான் போன வருடமும் என்னைப் பார்த்தவர். அறைக்குள் போனதும் நான் வாய் திறக்குமுன் அத்தை ஆரம்பித்துவிட்டார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கக்கூஸ்ல முக்குனா புள்ள விழுந்துருமா?"

வெளியே வரிசையில் இருந்த கர்ப்பிணிகள் எல்லாருக்கும் கேட்டிருக்கும். டாக்டர் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"விழாதும்மா. புள்ள இருக்குறது கர்ப்பப்பையில. கர்ப்பப்பை வாய் மூடித்தான் இருக்கு, போன மாசம் ஸ்கேன்ல பாத்தோம். குடல் வேற வழி. ரொம்ப முக்குனா மூலம் வரும், அதனால முக்காம இருக்கத்தான் வழி சொல்லுவோம். புள்ள வராது."

"அப்ப போன வருசம்?"

"அந்தப் புள்ளைக்கு வளர்ச்சி முன்னாடியே நின்னுபோச்சு. உள்ளயே உசுரு இல்ல. இவ படுத்தே கெடந்திருந்தாலும் அது தங்கியிருக்காது." என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கே உன்கிட்டச் சொன்னேனே செல்வி? நீ தலைய ஆட்டுன."

மயக்கத்தில் ஆட்டியிருப்பேன். எனக்கு நினைவில்லை. வராந்தாவில் சொன்னது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

அப்புறம் டாக்டர் என்னை மேசையில் படுக்கவைத்துப் பார்த்தார். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி டக் டக் என்று ஓடியது. மலம் இளக ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். வந்தால் அடக்கவே கூடாது, தண்ணீர் நிறையக் குடி, சாயங்காலம் நட, உட்காரும்போது காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக்கொள், முட்டி இடுப்புக்கு மேலே இருக்கட்டும், பாதி வேலை தானே நடக்கும் என்றார். இரும்புச்சத்து மாத்திரையால் கொஞ்சம் இறுகத்தான் செய்யும், அதற்காக அதை நிறுத்திவிடாதே என்றார். ரத்தமோ வலியோ வந்தால் மட்டும் உடனே ஓடிவரச் சொன்னார்.

"வெளக்கெண்ணெய்?" என்று கேட்டார் அத்தை, சின்னக் குரலில். அவருக்குச் சின்னக் குரல் ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"தொடவே கூடாது. பிரசவ வலியே எடுத்தாலும் எடுத்துரும். இருக்குறதுலயே அதுதான் ஆபத்து."

அத்தை கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆட்டோக்காரரிடம் வாடகை பேரம்கூடப் பேசவில்லை.

சிரப் உடனே கேட்கவில்லை. ஒரு நாள் போயிற்று. அதற்கு அடுத்த நாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வயிறு முறுக்கியது. எழுந்தேன். கக்கூஸ் கதவு வரைக்கும் போய் நின்றுவிட்டேன். டாக்டர் சொன்னது மூளைக்குப் புரிந்துவிட்டது. காலுக்குப் புரியவில்லை.

அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். ஒன்றும் கேட்காமல் பிளாஸ்டிக் முக்காலியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். என்னை உட்காரவைத்தார். கதவைச் சாத்திவிட்டு வெளியே தரையில் உட்கார்ந்தது தெரிந்தது. வளையல் தரையில் இடித்தது.

"தாழ்ப்பாள் போடாத. நான் இங்கனதான் இருக்கேன்."

"சரி அத்தை."

"அருள்நிறைந்த மரியே வாழ்க..."

"அத்தை, ஜெபம் வேணாம். வர்றதும் நிக்குது."

"சரி சரி. நான் பேசல."

அவர் பேசாமல் இருக்கவா? பத்து நிமிஷம் தாங்கினார். எனக்கு அதற்குள் வியர்த்து, பழையபடி பல்லைக் கடிக்க ஆரம்பித்திருந்தேன். கீழே குனிந்து பார்க்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"செல்வி."

"என்ன அத்தை."

"அன்னைக்கு எல்லாரும் ஏன் ஏன்னு கேட்டாங்கடி. தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. டீச்சர் இல்லையா, எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்பேன். வாயில வந்தத உன் தலையில போட்டுட்டேன். தப்புடி. பெரிய தப்பு."

கண்ணைத் திறந்து சாத்தியிருந்த கதவைப் பார்த்தேன்.

வெளியே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அத்தை கேட்டார்:

"அந்தப் புள்ளைக்கு நீ ஏதும் பேரு நெனச்சிருந்தியா?"

இந்த ஒரு வருடத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அடுத்தது நல்லபடியாக வரும் என்றார்கள், சின்ன வயசுதானே என்றார்கள். அதை ஒரு பிள்ளை என்றே யாரும் சொல்லவில்லை.

"ஜெசிந்தா" என்றேன். "பொம்பளப் புள்ளைன்னு நானா நெனச்சுக்கிட்டேன் அத்தை."

"ஜெசிந்தா" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை சொன்னார். தன் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, தெளிவாக, முழுசாகச் சொன்னார். "என் மூத்த பேத்தி ஜெசிந்தா."

நான் அழுதேன். ஒரு வருடமாகப் பிடித்துவைத்திருந்த அழுகை, அடி வயிற்றிலிருந்து வந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க, மூக்கும் கண்ணும் ஒழுக, வெட்கமில்லாமல் அழுதேன். எதையும் பிடித்துவைக்க எனக்கு அப்போது நினைவே இல்லை. அந்த அழுகையிலேயே மற்றதும் தன்னால் முடிந்துவிட்டது. முடிந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

குனிந்து பார்த்தேன். ரத்தம் இல்லை. ஒன்றுமில்லை, வழக்கமாக எல்லாரும் போவதுதான். உள்ளே பிள்ளை திரும்பிப் படுத்து, விலாவில் ஒரு உதை விட்டது.

"செல்வி? ஏய் செல்வி! என்னாச்சுடி?" அத்தை கதவைத் தட்டினார்.

"நல்லா இருக்கோம் அத்தை" என்றேன். "ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."